ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்

அச்சு_கோபி எழுதியது:

வணக்கமுங்க. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தெர்மல் பிரிண்டரில் தமிழ் பில் அடிக்க ஒரு பைத்தான் லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் உள்ளே வைத்துக்கொள்கிற நிரல் தொகுப்பு, எழுதிப் பராமரித்து வருகிறேன், எம்ஐடி லைசென்ஸ், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். மளிகைக் கடையில் பில் கிழித்துக் கொடுக்கிறார்களே, அந்தச் சின்ன பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, எப்சன்காரர்கள் கொண்டுவந்த இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகள் மட்டும்தான் புரியும். அதனால் ஒவ்வொரு வரியையும் எழுத்து கோக்கிற ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் வழியாகக் கோத்து, படமாக்கி, 58 மில்லிமீட்டர் தாள் என்றால் 384 புள்ளிக்குள்ளும் 80 என்றால் 576 புள்ளிக்குள்ளும் அடக்கி அனுப்ப வேண்டும். சரியாகக் கோக்கவில்லை என்றால் கொத்தமல்லி என்று அடிக்கிற இடத்தில் 'க' தனியாக நிற்கும், பக்கத்தில் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரி செய்ததுதான் இந்த லைப்ரரி.

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிற கம்பெனிகள் பல இதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன, இஷ்யூவில், அதாவது பிழையும் சந்தேகமும் பதிகிற பக்கத்தில், வந்து கேட்கிற கேள்விகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி ஒரு கம்பெனியிலிருந்து தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்: "சார் அர்ஜெண்ட், புது மாடல் பிரிண்டர், ரூபாய் குறி வர்ற இடத்துல கட்டம் கட்டமா வருது, கடையில கூட்டம் நிக்குது." உட்கார்ந்து சரி செய்து ரிலீஸ் போட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு எமோஜி. அந்தக் கம்பெனி கடைக்குக் கடை வருடாவருடம் புதுப்பிப்புக் கட்டணம் வாங்குகிறது.

விரும்பியவர்கள் பணம் அனுப்ப ஸ்பான்சர் பட்டன் வைத்திருக்கிறேன். அதில் வருவது மொபைல் ரீசார்ஜுக்குச் சரியாகப் போகிறது. மற்றபடி ஃப்ரீலான்ஸ் வேலைதான் சோறு போடுகிறது, அதுவும் இந்த இஷ்யூக்களால் தள்ளிப் போகிறது. "ஊரான் வீட்டு வேலையையெல்லாம் தலையில தூக்கி வெச்சுக்காத கண்ணு" என்று அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். லைசென்ஸை மாற்றிக் காசு கேட்பதா, ஸ்பான்சரையே இன்னும் சத்தமாகக் கேட்பதா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுச் கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலைக்கே போய்விடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு_டெர்மினல்:

முதலில் கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவி, பக்கம் பாருங்கள், பலர் அப்ளையே பண்ணுவதில்லை. பங்குத் தரகு கம்பெனி ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்று அறிவித்தார்கள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. ரெப்போவில் (நிரலை வைத்திருக்கிற இடத்தில்) அல்லது சைட்டில் ஃபண்டிங்.ஜேசன் என்று ஒரு ஃபைல் வைத்து, திட்டம் என்ன, எவ்வளவு பணம் எதற்குத் தேவை என்று அதில் எழுதி, அந்த முகவரியை அவர்களிடம் பதிய வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இல்லை, ஏற்கெனவே நாலு பேர் நம்பிப் பயன்படுத்துகிற திட்டங்களுக்கு. ஃபாஸ் யுனைட்டெட் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பும் நம் நாட்டுத் திட்டங்களுக்குக் கிராண்ட் தருகிறார்கள். நெதர்லாந்தில் என்எல்நெட் என்று ஒரு அமைப்பு, முதல் விண்ணப்பத்துக்கு 5,000 முதல் 50,000 யூரோ வரை தருகிறது, ஆனால் ஐரோப்பாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், தமிழ் பில்லுக்கு அது கொஞ்சம் கஷ்டம். கூகுள் சம்மர் ஆஃப் கோடும் அவுட்ரீச்சியும் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு, பராமரிக்கிற உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒன்று. கிராண்ட் என்பது போர் போடக் கிடைக்கிற காசு மாதிரி, மோட்டாருக்கு மாசாமாசம் வருகிற கரண்ட் பில்லை அதிலிருந்து கட்ட முடியாது. புதிதாக ஒரு பெரிய வேலை செய்யக் கேளுங்கள், உதாரணமாக புளூடூத் பிரிண்டர்களுக்கு ஆண்ட்ராய்டு ஆதரவு. ராத்திரி பதினொரு மணி வாட்ஸ்அப்புக்கு யாரும் கிராண்ட் தர மாட்டார்கள்.

வேலைக்குப் போவது பற்றி: போனால் ஆஃபர் லெட்டரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படியுங்கள். "பணியில் இருக்கும்போது எழுதுகிற எல்லா நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்று ஒரு வரி இருக்கும், வீட்டில் சொந்த லேப்டாப்பில் எழுதுவதையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். சேரும் முன்பே லைப்ரரி பெயரைப் போட்டு விலக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் எச்ஆர் "லீகலிடம் கேட்கிறேன்" என்பார், அப்புறம் அந்தப் பேச்சே வராது.

சேலத்து_சித்தன்:

எனக்கு இது புரியவே இல்லைங்க. இலவசம் என்று நீங்களே எழுதி வைத்துவிட்டு அப்புறம் காசு வரவில்லை என்றால் எப்படி? விருப்பப்பட்டுச் செய்கிற வேலை. பணம் உள்ளே வந்தால் இந்த உலகமே கெட்டுவிடும். முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், வேறு யாராவது ஃபோர்க் பண்ணி, நகலெடுத்துத் தனியாக நடத்திக்கொள்வார்கள்.

ஈரோடு_வெர்ச்சுவல்:

சித்தன் அண்ணா, "வேறு யாராவது" என்று சொல்கிறீர்களே, அந்த வேறு யாராவதுதான் ஃபைல்களைச் சுருக்குகிற எக்ஸ்இசட்டில் வந்தார். ஒற்றை ஆள் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த லைப்ரரி, அவர் களைத்துப் போயிருந்த நேரத்தில் ஒருவர் உதவுகிறேன் என்று வந்து, நம்பிக்கை சம்பாதித்து, ரிலீஸ் போடுகிற உரிமை வரைக்கும் வாங்கி, 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்துவிட்டார். எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் நுழைகிற வழி) லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் சந்தேகப்பட்டுத் தோண்டாமல் இருந்திருந்தால் அது உலகம் முழுக்க சர்வர்களுக்குப் போயிருக்கும். அதற்கு முன்பு 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை. இணையத்தில் பூட்டுப் போடுகிற வேலையில் பெரும்பகுதியை ஓப்பன்எஸ்எஸ்எல் செய்துகொண்டிருந்தது, ஆண்டுக்கு அதற்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோபிக்காரர் பேராசைப்பட்டு எதுவும் கேட்கவில்லை.

கரூர்_ஈஆர்பி:

தம்பி, நான் காசு கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் ஐடியும் பர்ச்சேஸும் சேர்த்துப் பார்க்கிறேன். எங்களிடம் ஓடுவது ஈஆர்பிநெக்ஸ்ட், கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கிற மென்பொருள். மும்பை ஃப்ராப்பே கம்பெனியுடையது, முழுக்க ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் ஹோஸ்டிங்குக்கும் சப்போர்ட்டுக்கும் ஆட்கள் அவர்களிடமோ அவர்களுடைய பார்ட்னர்களிடமோ பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிரலுக்கு யாரும் கட்டவில்லை, நின்று போனால் போன் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்குக் கட்டுகிறார்கள். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பயன்படுத்துகிற ஒரு சின்ன பார்கோடு லைப்ரரிக்கு ஏதாவது அனுப்பலாம் என்று நான் ஒரு தடவை முயன்றேன். எம்டி சரி என்றுதான் சொன்னார். அக்கவுண்ட்ஸில் மாட்டிக்கொண்டது. பில் எங்கே, பான் எங்கே, வெண்டர் கோடு யார் போடுவது, எந்தத் தலைப்பில் எழுதுவது? நன்கொடை என்று எழுதினால் அது கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் இருக்கிற லெட்ஜருக்குப் போகும், அந்த லெட்ஜரில் ஒவ்வொரு வரிக்கும் எம்டி கையெழுத்து வேண்டும், வருடக் கடைசியில் ஆடிட்டர் வேறு கேள்வி கேட்பார். கடைசியில் அது நடக்கவே இல்லை. அதே வாரம் யுபிஎஸ்காரர் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பிக்கக் கொட்டேஷன் அனுப்பினார், மதியத்துக்குள் பாஸ் ஆகிவிட்டது. ஜெனரேட்டர், லிஃப்ட், எடைமேடை, ஏர் கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஏஎம்சி இருக்கிறது. கரூர், திருப்பூர், கோவை எங்கே போனாலும் ஏஎம்சி என்றால் என்ன என்று எந்த முதலாளிக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஸ்பான்சர் பட்டனைக் காட்டி நம் ஊர்க் கம்பெனியிடம் கேட்காதீர்கள். அது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, அந்தக் காசை எந்தக் கதவு வழியாக வெளியே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லெட்டர்ஹெட்டில் ஒரு கொட்டேஷன் போடுங்கள்: தமிழ் பில் பிரிண்டிங் மென்பொருள், வருடாந்திரப் பராமரிப்பு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. அதில் என்னென்ன என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு வேலை நாளுக்குள் பதில். அவர்கள் வாங்குகிற புது பிரிண்டர் மாடலைச் சோதித்துக் கொடுப்பது. பழைய பதிப்பு ஒன்றை ஒரு வருடத்துக்கு உடையாமல் வைத்திருப்பது. எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பழைய பதிப்புதான் முக்கியம், புது வசதி யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் சென்ட்ரி கம்பெனி முன்னின்று 2024இல் ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், வேலையில் இருக்கிற டெவலப்பர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் பராமரிப்பவர்களுக்குத் தர வேண்டும் என்று. நல்ல விஷயம். எங்கள் எம்டியிடம் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பல்லடம்_தறி:

கரூர் அம்மணி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் இந்த வழியில்தான் நான் பல வருடமாகப் பிழைக்கிறேன், அதனால் அதன் முட்களைச் சொல்கிறேன். விசைத்தறி ஜாப் ஒர்க் கணக்குக்கு ஒரு மென்பொருள், நூல் எவ்வளவு போனது, துணி எவ்வளவு வந்தது, கூலி எவ்வளவு பாக்கி என்று. முழுக்க ஓப்பன் சோர்ஸ்.

லைசென்ஸ் மாற்றும் யோசனையை விடுங்கள். ஏற்கெனவே எம்ஐடியில் வெளியான பதிப்பு எம்ஐடியிலேயேதான் இருக்கும், அவர்கள் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஹாஷிகார்ப் கம்பெனி 2023இல் தன் டெராஃபார்ம் மென்பொருளின் லைசென்ஸை மாற்றியது, உடனே ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் பிறந்தது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024இல் மாற்றியது, வால்கீ என்ற ஃபோர்க் வந்தது, அடுத்த வருடமே ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. வக்கீல் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கே இந்தக் கதி.

லைப்ரரி திறந்தே இருக்கட்டும். அதைச் சுற்றி இருப்பதை விற்கலாம். ரூபி மொழியில் பின்னணி வேலைகளை ஓட்டுகிற சைட்கிக் தெரியுமல்லவா, மைக் பெர்ஹாம் எழுதியது. அடிப்படை எல்லோருக்கும் இலவசம், புரோவும் எண்டர்பிரைஸும் சந்தா, பல வருடம் அந்தக் கம்பெனியில் அவர் ஒருவர்தான். இணையத்தில் தரவை அனுப்பி வாங்குகிற கர்ல் எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் 2019 முதல் உல்ஃப்எஸ்எஸ்எல் கம்பெனியில் இருக்கிறார், அங்கே கர்லுக்கான சப்போர்ட்டையே காசுக்கு விற்கிறார்கள், கர்ல் எப்போதும் போலத் திறந்தே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் விற்கக் கூடியது எதுவென்றால், என்னைக் கேட்டால், சோதித்துப் பார்த்த பிரிண்டர்களின் பட்டியல். சந்தையில் மாதம் ஒரு புது மாடல் வருகிறது, ஒவ்வொன்றும் படத்தை ஒவ்வொரு விதமாக வாங்குகிறது, சிலது நீளமான பில்லை ஒரே படமாக அனுப்பினால் பாதியில் மூச்சை விட்டுவிடுகிறது, துண்டு துண்டாக அனுப்ப வேண்டும், இது உங்களுக்கே தெரியும். அதை வாங்கி, மேசையில் வைத்து, கொத்தமல்லி விதை 250 கிராம் என்று அடித்துப் பார்த்து, இது சரி, இது இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே என்று எழுதி வைப்பது ஒரு வேலை. பில்லிங் கம்பெனிக்காரன் அதைத் தானாகச் செய்ய மாட்டான், ஆனால் செய்து கொடுத்தால் காசு கொடுப்பான், ஏனென்றால் தப்பான பிரிண்டரை அம்பது கடைக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்குவது அவனுக்கு அதைவிடச் செலவு. பிரிண்டர் அனுப்பாமல் பிழையைச் சரி செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

வாட்ஸ்அப் நம்பர் ஏஎம்சி எடுத்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இஷ்யூவில் எழுதட்டும், நேரம் இருக்கும்போது பார்க்கலாம். முதல் மாதம் திட்டுவார்கள். அப்புறம் ஒன்றிரண்டு பேர் கொட்டேஷன் கேட்பார்கள். ஆனால் சரி செய்த நிரல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும், அதில் மட்டும் ஆள் பார்க்காதீர்கள். காசு கொடுத்தவனுக்கு வரிசையில் முன்னால் இடம், அவ்வளவுதான். தனிப் பதிப்பு வைத்துக்கொண்டால் ரெண்டையும் பராமரித்தே செத்துப் போவீர்கள்.

விலை: சின்ன கம்பெனிக்கு வருடம் 24,000 என்று வையுங்கள். 15 கம்பெனி சேர்ந்தால் 3,60,000, மாதம் 30,000. கோபியில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு அது குடும்பம் நடக்கிற காசு, மிச்ச நேரத்துக்கு ஃப்ரீலான்ஸ். சரவணம்பட்டியில் வாடகைக்கு இருந்தால் பற்றாது. 15 பேரைப் பிடிப்பதுதான் கஷ்டம், கொடிசியா கண்காட்சியில் போய் நின்று பேசத்தான் வேண்டும், ரெப்போவில் ஸ்டார் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் வர மாட்டார்கள்.

மாதச் சந்தா வேண்டாம், வருடத்துக்கு ஒரே பில், நெஃப்டிலோ யுபிஐயிலோ வாங்குங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தானாகப் பணம் எடுக்கிற கார்டு விதிகளை இறுக்கிய பிறகு நம் நாட்டுக் கார்டிலிருந்து வெளிநாட்டு சைட்டுக்கு மாதாமாதம் போகிற சின்னச் சின்னப் பணம் எத்தனையோ நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொடுத்தால் அதையும் நன்கொடை என்று வாங்காமல் சேவைக்கு இன்வாய்ஸ் போட்டு வங்கியில் வாங்குங்கள். பணம் எதற்கு வருகிறது என்று வங்கிக்குச் சொல்கிற பர்ப்பஸ் கோடை, சாஃப்ட்வேர் கன்சல்டன்சிக்கானதை, சரியாகச் சொல்லுங்கள், பணம் வந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள், மீதி ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அறக்கட்டளை ஆரம்பிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், அது தனி தலைவலி.

அச்சு_கோபி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஏஎம்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை, நான் ரீட்மீயில் (லைப்ரரியின் அறிமுகப் பக்கத்தில்) இன்னும் உருக்கமாக எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். பெருந்துறைப் பக்கம் கல்லூரியில் படிக்கிற ரெண்டு பேர் தொடர்ந்து புல் ரிக்வெஸ்ட், அதாவது நிரலில் சேர்க்கச் சொல்லித் திருத்தங்கள், அனுப்புகிறார்கள், சும்மா எழுத்துப்பிழை திருத்துகிற ஆட்கள் இல்லை, ஒருத்தி வரி மடக்குகிற பகுதியை முழுக்கத் திருப்பி எழுதினாள், எடையும் விலையும் இப்போது ஒரே வரியில் ஒழுங்காக நிற்கிறது. நான் ஏஎம்சியில் காசு வாங்கி அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது நியாயமாகப் படவில்லை. இஷ்யூவுக்கு இவ்வளவு என்று பவுண்டி போட்டுவிடலாமா?

பீளமேடு_டெர்மினல்:

பவுண்டி வேண்டாங்க. ஒரு இஷ்யூவுக்கு 2,000 என்று போட்டால் எங்கிருந்தோ பத்துப் பேர் ஏஐயில் எழுதிக் கொண்டுவந்து கொட்டுவார்கள், ஒன்றும் ஓடாது, அதைப் படித்துப் பார்த்து மூடுவதே உங்களுக்கு ஒரு வேலையாகிவிடும். தெரிந்த ரெண்டு பேர்தானே, இந்த மாதம் இந்த வேலை, இவ்வளவு என்று நேராகப் பேசிக் கொடுங்கள். புது பிரிண்டர் சோதனையை அவர்களிடம் கொடுக்கலாம், கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வேலை. ஒருத்தி மடக்குகிற பகுதியைத் திருப்பி எழுதியிருக்கிறாள் என்றால் ரிவ்யூ பண்ணுவதற்கும் காசு கொடுங்கள், ரிவ்யூவுக்கு யாருமே கொடுப்பதில்லை. ஓப்பன் கலெக்டிவ் மாதிரி வரவு செலவு எல்லோருக்கும் தெரிகிற ஏற்பாடும் இருக்கிறது, ஆனால் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் வழியாகப் போனால் 10 சதவீதம் கழித்துக்கொள்வார்கள், நாலு பேர் அளவுக்கு அது இப்போது தேவையில்லை. ரெப்போவிலேயே ஒரு ஃபைலில் யாருக்கு எதற்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள், போதும்.

சேலத்து_சித்தன்:

சரி, ஏஎம்சி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. லைப்ரரியைப் பூட்டவில்லையே. எங்கள் மாமா கடைக்கும் இந்தப் பிரிண்டர்தான், எந்த பில்லிங் கம்பெனி என்று கேட்டுச் சொல்கிறேன், அவர்களுக்கும் ஒரு கொட்டேஷன் அனுப்புங்கள்.

அச்சு_கோபி:

அனுப்புகிறேன் அண்ணா. அக்கா, கொட்டேஷன் மாதிரி ஒன்று தயார் பண்ணினால் ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா? எனக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லை, அதனால் தள்ளிவிடுவார்களோ என்று ஒரு பயம்.

கரூர்_ஈஆர்பி:

அனுப்புங்க தம்பி, பார்க்கிறேன். சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஆனால் பில்லில் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், "பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதிவிடுங்கள், காலியாக இருந்தால் எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா கேள்வியே கேட்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு கம்பெனியிலிருந்து வருடத்துக்கு வருகிற தொகை வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், பயப்படாதீர்கள், ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வந்துவிடும். பான் நம்பர், வங்கிக் கணக்கு, ரத்து செய்த செக் ஒன்று எல்லாம் கொட்டேஷனோடே சேர்த்து ஒரே மெயிலில் அனுப்புங்கள். தனித்தனியாக வந்தால் தனித்தனியாகத் தொலையும்.